கரும்பலகையும் காப்பீட்டுப் படிவமும்

ஆசிரியப் பணி அறப்பணி என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவ்வறப்பணியை ஆற்றுவோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை மட்டும் எந்த மேடையிலும் நாம் சொல்வதில்லை. இன்று தமிழகத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில், குறிப்பாகச் சுயநிதிப் பிரிவுகளில், பகுதி நேரமாகவும் மணிக்கணக்கு ஊதியத்திலும் பணிபுரியும் விரிவுரையாளர் பலர், வகுப்பு முடிந்த கையோடு வேறொரு தொழிலை நாடிச் செல்கின்றனர். சிலர் தனிப்பயிற்சி நடத்துகின்றனர். சிலர் கடைகளில் கணக்கெழுதுகின்றனர். சிலர் காப்பீட்டு முகவர்களாகின்றனர். அவ்வாறு முகவரானவரை, "வாத்தியார் பாலிசி பிடிக்கப் போய்விட்டார்" என்று எள்ளி நகையாடும் வழக்கமும் நம்மிடையே உண்டு.

பிற்பகல் வகுப்புகளில் இலக்கணம் நடத்திவிட்டு, மாலையில் காப்பீட்டுப் படிவங்களோடு வீதியில் இறங்குபவன் என்ற முறையில், இப்பொருள் குறித்து எண்ணங்கள் சிலவற்றை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகுதி நேர ஆசிரியர் காப்பீட்டுத் தொழிலில் இறங்குவது இழிவன்று. ஆசிரியர் என்ற பெயரை விலையாக வைத்து அத்தொழிலைச் செய்வதுதான் இழிவு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது, ஆயினும் தெளிவானது.

புலமையும் வணிகமும்

புலவர் என்போர் பொருள் தேடுதலை வெறுத்தவர் என்னும் எண்ணம் பிற்காலத்தில் நம்மிடையே வேரூன்றியது. சங்கப் புலவர்தம் பெயர்களைப் பார்த்தாலே அவ்வெண்ணம் நிலைபெறாது. மணிமேகலை பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்றே தமிழுலகம் அறியும். கூலம் என்பது தானியம். தானியம் அளந்த கையே காப்பியமும் எழுதியது. இளவேட்டனார் மதுரை அறுவை வாணிகன், அதாவது துணி வணிகர். தாமோதரனார் உறையூர் மருத்துவன். இவர்தம் தொழிற்பெயரைப் புலமைப் பெயரோடு சேர்த்து வழங்க அன்றைய தமிழர் நாணவில்லை.

வள்ளுவப் பெருந்தகை வணிகர்க்கு உரைத்த அறிவுரையை எங்கே வைத்தார் என்பதும் நோக்கத்தக்கது. பொருட்பாலில் செல்வம் சேர்க்கும் அதிகாரத்தில் அதை வைத்தாரல்லர். அறத்துப்பாலில் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். வாணிகம் நேர்மையோடு நடந்தால் அதுவும் அறத்தின் ஒரு பகுதியே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும்.

இசுலாமிய வரலாறும் இதற்கு மாறானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகராகவே தம் இளமையைக் கழித்தார்கள். சட்டமேதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். ஒருமுறை குறையுடைய ஆடை ஒன்றை விற்கக் கொடுத்தபோது, அக்குறையைச் சொல்லியே விற்க வேண்டும் எனத் தம் கூட்டாளியிடம் பணித்தார்கள். அவர் மறந்து, சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனத் தெரியாத நிலையில், கிடைத்த தொகை முழுவதையும் இமாம் அவர்கள் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. கல்வியைக் கற்பிப்பவன் கடைவீதிக்கு வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்நிலை ஏன் வந்தது?

என்னைப் போல் எம்.ஃபில். பட்டத்தோடு நின்றவர்தம் நிலையை இளைய மாணவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியப் பணியின் வாயிற்படியாக எம்.ஃபில். விளங்கியது. 2009ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளுக்குப் பின் அப்பட்டம் மட்டும் போதாதென்றாயிற்று. தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ உரிய விதிகளின்படி பெற்ற முனைவர் பட்டமோ வேண்டும் என்றானது. 2022ஆம் ஆண்டு விதிகள் எம்.ஃபில். பட்டப் படிப்பையே முடிவுக்குக் கொண்டுவந்தன. ஏறிய ஏணியையே பின்னால் எடுத்துவிட்டது போன்ற நிலை.

கௌரவ விரிவுரையாளர்க்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு என 2019இல் மானியக் குழு வழிகாட்டியது. சுயநிதிப் பிரிவுகளில் இதில் பாதியைக்கூடக் காணாதவர் பலர். கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதம், ஊதியமில்லாத மே மாதத்திற்கு அடுத்து வருவது இக்குடும்பங்களின் தலைவிதி.

காப்பீட்டு முகவாண்மை இவர்களை ஈர்ப்பதற்குக் காரணம் எளிது. முதலீடு வேண்டாம், கடை வேண்டாம், நேரம் நம் கையில். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், பயிற்சியும், ஐ.சி.38 என்னும் தேர்வில் வெற்றியும் போதும். 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என மூன்றுக்கும் ஒருவரே முகவராகலாம். முதுகலையும் அதற்கு மேலும் படித்தவர்க்குப் பத்தாம் வகுப்புத் தகுதியில் கிடைக்கும் தொழில், பட்டத்தின் பெயரால் கிடைத்த வேலையைவிடக் கூடுதலாகத் தருமெனில், நகைப்புக்குரியவர் அவ்வாசிரியர் அல்லர்.

தொழிலின் கணக்கு

இத்தொழிலில் புதிதாக இறங்க எண்ணும் ஆசிரிய நண்பர்கள் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். கமிஷன் விகிதம் நிறுவனத்திற்கும் திட்டத்திற்கும் ஏற்ப வேறுபடும். விளக்கத்தின் பொருட்டு முதலாண்டில் நூற்றுக்கு 25, பின்னர் ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 எனக் கொள்வோம். ஆண்டுக்கு 30,000 ரூபாய் பிரீமியம் கட்டும் ஒருவரைச் சேர்த்தால் முதலாண்டில் 7,500 ரூபாயும், பின்னர் ஆண்டுக்கு 1,500 ரூபாயும் வரும். மாதம் பத்தாயிரம் ஈட்ட விரும்பினால் ஆண்டுக்கு இத்தகைய பாலிசிகள் 16 வேண்டும்.

முதலாண்டு 16 பேர் எளிதில் கிடைப்பர். அண்ணன், மைத்துனர், சாச்சா, மாமி, பக்கத்து வீட்டார், உடன் பணிபுரிவோர் என எண்ணிக்கை நிறையும். இரண்டாம் ஆண்டில் உறவுகள் தீர்ந்துவிடும். அப்போதுதான் உண்மையான தொழில் தொடங்குகிறது. உறவுக்காகப் பாலிசி எடுத்தவர், அடுத்த தவணை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாலிசி காலாவதியாகிறது, உறவும் உடன் காலாவதியாகிறது. பதின்மூன்றாம் மாதத்திலும் தவணை கட்டப்பட்டதா என்பதைத்தான் காப்பீட்டுத் துறை முகவரின் தரத்திற்கு முதல் அளவுகோலாகக் கொள்கிறது.

மறுபுறம், ஆண்டுக்கு 16 பேரைப் பத்தாண்டுகள் சேர்த்து, 160 பாலிசிகளும் நிலைத்திருந்தால், புதிதாக ஒருவரைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். பாதி காலாவதியானால் வருமானமும் பாதியே. ஆகவே, கட்ட முடியாதவரிடம் பெரிய பாலிசியைத் திணிப்பவர் பிறரை மட்டுமன்றித் தம்மையும் ஏமாற்றிக்கொள்கிறார்.

இங்கே ஓர் ஊசிமுனைச் சோதனையும் உண்டு. இறந்தால் மட்டும் தொகை கிடைக்கும் டெர்ம் பாலிசிக்குப் பிரீமியம் மிகக் குறைவு. அதனால் கமிஷனும் குறைவு. சேமிப்பையும் காப்பீட்டையும் இணைத்த எண்டோமெண்ட் பாலிசிக்கு, அதே காப்புத் தொகைக்குப் பன்மடங்கு பிரீமியம், கமிஷனும் பன்மடங்கு. மூன்று பிள்ளைகளோடு ஒருவர் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பத்திற்கு முதலில் வேண்டியது எது என்பது முகவருக்குத் தெரியும். அதை வாய் திறந்து சொல்கிறாரா என்பதில்தான் அவர் ஆசிரியரா அல்லரா என்பது தெரியும்.

மீறக்கூடாத எல்லைகள்

முதலாவது, வகுப்பறை சந்தையாகக் கூடாது. அகமதிப்பீட்டு மதிப்பெண் நம் கையில் இருக்கும் மாணவனிடமோ அவன் தந்தையிடமோ பாலிசிப் பேச்சை எடுப்பது, பேச்சு எவ்வளவு பணிவாக இருந்தாலும், வற்புறுத்தலே ஆகும். பெற்றோர் சந்திப்புக்கு வந்த தந்தை மறுத்துச் சொல்ல இயலாமல் கையெழுத்திட்டால், அக்கையெழுத்தில் விருப்பம் இல்லை, அச்சமே உள்ளது. பயிலும் மாணவர் எவருடைய குடும்பத்திலும், அவர் படித்து முடித்துச் செல்லும் வரை, காப்பீடு விற்பதில்லை என்ற நெறியை நான் கைக்கொண்டுள்ளேன். இதனால் இழப்பு உண்டு. அவ்விழப்பு, வகுப்பில் நிமிர்ந்து நிற்பதற்கு நான் கட்டும் பிரீமியம் என்றே கருதுகிறேன்.

இரண்டாவது, படிவத்தில் பொய் எழுதக் கூடாது. முன்மொழிவுப் படிவத்தைப் பெரும்பாலும் முகவரே நிரப்புகிறார். 'சர்க்கரை நோய் உண்டா' என்ற வினாவுக்கு, உண்டெனத் தெரிந்தும் இல்லையென எழுதினால் பாலிசி விரைவில் கிடைக்கும். கமிஷனும் விரைவில் வரும். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015இல் திருத்தப்பட்டபடி, மூன்றாண்டுகள் கடந்த பாலிசியை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது. அம்மூன்றாண்டுகளுக்குள் குடும்பத் தலைவர் இறந்து, மறைத்த நோய் வெளிப்பட்டால், நிறுவனம் தொகையை மறுக்கலாம். அப்போது இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணின் முன் வெறுங்கையோடு நிற்கப் போவது யார்? மூன்று நிமிடத்தில் எழுதிய ஒரு சொல்லால் மூன்று பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகலாம்.

மூன்றாவது, கமிஷனில் பங்கு தருவதாக ஆசை காட்டக் கூடாது. 'முதல் தவணையில் பாதியை நானே கட்டிவிடுகிறேன்' என்று சொல்வது ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி இது குற்றம். பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. கொடுப்பவர் மட்டுமல்லர், பெற்றுக்கொள்பவரும் சட்டத்தை மீறியவரே.

நான்காவது, ஒளிவு கூடாது. முழுநேர ஊதியம் பெறுவோர் சிலர் மனைவியின் பெயரில் முகவாண்மை எடுத்துத் தாமே ஆள் பிடிப்பதைக் காண்கிறோம். மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், குடும்பத்தார் பெயரிலுள்ள காப்பீட்டு முகவாண்மைக்காக ஊழியர் ஆள் சேர்ப்பதையும் விதிமீறல் என்றே கருதுகின்றன. பகுதி நேர ஆசிரியரோ, தம் பணியாணையைப் படித்துப் பார்த்து, நிருவாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுத் தொடங்குவதே முறை. சொல்லிச் செய்யும் தொழிலுக்குத் தலைகுனிவு இல்லை.

மார்க்கம் எழுப்பும் வினா

நம் சமுதாயத்தில் இப்பேச்சை எடுத்தவுடன், 'இன்சூரன்ஸ் கூடுமா, கூடாதா' என்ற வினா எழும். அவ்வினாவைத் தட்டிக் கழிப்பது நாணயம் ஆகாது. நிலையான பிரீமியம் பெறும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் நிச்சயமின்மை மிகுதியாக உள்ளது என்பதால் அது கூடாது என்றும், கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்றும் 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இசுலாமிய ஃபிக்ஹு அகாதமி தீர்மானித்தது. அதற்கு முன்பே, 1979இல் சூடானில் கூட்டுறவு முறைக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. மலேசியா 1984இல் தகாஃபுல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய உரிமம் பெற்ற தகாஃபுல் நிறுவனம் இல்லை. மோட்டார் வாகனத்திற்கு மூன்றாம் நபர் காப்பீடு 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். ஆயுள், மருத்துவக் காப்பீடுகள் குறித்து நம் நாட்டு ஆலிம்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தேவையையும் நெருக்கடியையும் கருதி அனுமதிப்போரும் உளர், அனுமதிக்காதோரும் உளர்.

தீர்ப்பு வழங்குதல் தமிழ் விரிவுரையாளனின் வேலையன்று. ஆயினும் விற்பவனுக்கு ஒரு கடமை உண்டு. முதலில், தான் நம்பும் ஆலிமிடம் தன் பொருட்டுக் கேட்டுத் தெளிய வேண்டும். அடுத்து, வாங்குபவரிடம் 'எல்லா ஆலிம்களும் கூடும் என்று சொல்லிவிட்டார்கள்' எனக் கூறித் தொழிலை முடிக்கக் கூடாது. கருத்து வேறுபாடு இருப்பதைச் சொல்லி, 'உங்கள் இமாமைக் கேட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்' என்று எழுந்து வர வேண்டும். திரும்பி அழைக்காதவரும் உண்டு. ஓராண்டு கழித்து அழைத்தவரும் உண்டு. ஆடையின் குறையைச் சொல்லி விற்கச் சொன்ன இமாமின் வழி அதுதான்.

தமிழாசிரியனுக்கு ஒரு தனித் தகுதி

காப்பீட்டு ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கையெழுத்திடும் மக்களில் பலர் அவற்றைப் படிக்க இயலாதவர். தாய்மொழியில் கையெழுத்திடுவோர்க்குப் படிவத்தின் பொருளை விளக்கிச் சொன்னதாக மற்றொருவர் உறுதிமொழி அளிக்கும் பகுதி படிவத்திலேயே உண்டு. எத்தனை இடங்களில் அவ்வுறுதிமொழி உண்மையாக இருக்கிறது?

இங்குதான் தமிழாசிரியனுக்கு இடமிருக்கிறது. வளைகுடாவில் இருபதாண்டு உழைக்கும் கணவர் அனுப்பும் பணத்தில் தவணை கட்டும் பெண்ணுக்கு, தவணை தவறினால் என்ன ஆகும், ஒப்படைத்தால் எவ்வளவு கிடைக்கும், நாமினி என்றால் யார் என்பவற்றை அவர் மொழியில் விளக்குவது ஒரு பாடம் நடத்துவதற்கு ஒப்பாகும். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லையெனில் திருப்பிக் கொடுக்கலாம் என 2024ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. முன்பு அக்கால அளவு பொதுவாக 15 நாட்களாக இருந்தது. 2024 அக்டோபர் முதல், ஓராண்டுப் பிரீமியத்தை முழுமையாகக் கட்டி ஓராண்டும் முடிந்திருந்தால், ஒப்படைக்கும் பாலிசிக்கு ஒரு மதிப்புத் தர வேண்டும் என்ற விதியும் வந்துள்ளது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்திற்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டுள்ளது. விற்பவர் இவற்றைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்வேன் என்பது வணிகம். கேளாமலே சொல்வது ஆசிரியம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. 'வெளியில் சம்பாதித்துக்கொள்கிறார்களே' என்பது குறைந்த ஊதியத்திற்குச் சமாதானம் ஆகிவிடக் கூடாது. மாலை முழுவதும் வீதியில் அலைந்தவர், இரவு பதினொரு மணிக்கு மறுநாள் பாடத்திற்கு நூலைத் திறக்கிறார், கண் செருகுகிறது. இழப்பு அவருக்கு மட்டுமன்று. அவர் முன் அமர்ந்திருக்கும் அறுபது மாணவர்க்கும் சேர்ந்தது. அவர் எழுத வேண்டிய ஆய்வேடு எழுதப்படாமலே போகிறது.

கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் துணி வணிகர். ஆட்சிப் பொறுப்பேற்ற மறுநாளும் தோளில் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். வழியில் கண்ட உமர் (ரலி) அவர்கள், மக்கள் பொறுப்பை ஏற்றவர் வணிகத்திற்குச் சென்றால் பொறுப்பு என்னாவது என வினவினார்கள். குடும்பத்திற்கு எங்கிருந்து உணவளிப்பது என்று அவர்கள் திருப்பி வினவ, பைத்துல்மாலிலிருந்து அளவான படித்தொகை முடிவு செய்யப்பட்டது. சந்தைக்குப் போகாதே என்று சொன்னவர்கள், போகாமலிருக்க வழியும் செய்தார்கள். கல்லூரிகளை உருவாக்கிக் காத்துவரும் சமுதாயப் பெரியவர்கள் இவ்வரலாற்றின் இரண்டாம் பாதியையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். ஊதியத்தை ஒரே நாளில் உயர்த்த இயலாத நிறுவனங்கள், கோடை மாதத்திற்கேனும் ஒரு தொகை, முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவி, பகுதி நேர ஆசிரியர்க்கும் குழு மருத்துவக் காப்பீடு என்ற அளவிலாவது தொடங்கலாம். பிறர் குடும்பத்திற்குக் காப்பீடு விற்கும் ஆசிரியரின் குடும்பத்திற்குக் காப்பு ஏதும் இல்லை என்பது வேதனைக்குரிய முரண்.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். அப்போதும் ஒரு தொழில் போதாமல் இரண்டாவதைத் தேட நேரலாம். தேடுங்கள், தயங்க வேண்டியதில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதுவதை எந்தக் கையால் எழுதுகிறீர்களோ, அதே கையால்தான் காப்பீட்டுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்றில் மெய்யும் மற்றொன்றில் பொய்யும் எழுதக் கற்றுக்கொண்ட கை, நாளடைவில் இரண்டிலும் பொய்யே எழுதும்.